கம்பளிப்பூச்சி பட்டதா? தேய்க்காதீர்கள்: தோட்டத்தில் கொட்டும் உயிர்களைக் கையாள ஒரு செய்முறை

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்ததும் எங்கள் வீட்டு முருங்கையின் தண்டில் பழுப்பாக ஒரு திட்டு தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டை காய்ந்து கிடப்பது போல இருக்கும். கிட்டே போனால் திட்டு மெல்ல அசையும். நூற்றுக்கணக்கான கம்பளிப்பூச்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பகலைக் கழிக்கும் இடம் அது.

சில வருடங்களுக்கு முன்பு, கீரை பறிக்கப் போன என் மகள் முழங்கையைச் சொறிந்துகொண்டு ஓடி வந்தாள். பதறிப்போய் ஒரு சாக்குத் துணியை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் முழங்கையில் இருந்த தடிப்பு தோள் வரை ஏறி, கழுத்துக்கும் வந்துவிட்டது. பூச்சி பட்டது ஓர் இடத்தில்தான். மற்ற இடங்களுக்கெல்லாம் அதன் சுணையை, அதாவது குத்தும் நுண்ணிய மயிரை, கொண்டுபோய்ச் சேர்த்தது என் கை. முதல் ஒரு நிமிடத்தில் நாம் செய்வதுதான் அடுத்த இரண்டு நாள் வேதனையைத் தீர்மானிக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. தோட்டம் போடத் தொடங்குபவர்கள் அந்த ஒரு நிமிடத்தைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: எது எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மசுக்குட்டி, முசுக்கட்டை, ஈழத்தில் மயிர்க்கொட்டி என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும், நம் தோட்டங்களில் தொல்லை தருபவை முக்கியமாக இரண்டு வகை.

முதல் வகை மயிர் அடர்ந்தது. முருங்கையில் கூட்டமாக வருவது இதுதான். இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும், பகலில் தண்டில் கூடி ஓய்வெடுக்கும். ஆமணக்கிலும் ரோஜாவிலும் கூட மயிர் நிறைந்த புழுக்கள் வருவதுண்டு. இவற்றின் சுணை மயிர்கள் எளிதில் உதிரும். உதிர்ந்த மயிர் தோலில் குத்திக்கொண்டு அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும். புழு உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. செத்த புழு, அது உரித்துப் போட்ட தோல், அதன் கூடு, எல்லாவற்றிலும் சுணை இருக்கும். முருங்கை மரத்தடியில் துணி காயப்போடும் வீடுகளில், பூச்சியையே பார்க்காதவர்களுக்கும் உடம்பெல்லாம் அரிப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் வகைக்கு மயிர் கிடையாது, முள் உண்டு. தென்னை ஓலை, மா, மாதுளை, ஆமணக்கு இலைகளின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். குட்டையாக, தடிப்பாக, நத்தை போல நகரும். பச்சை நிறம், முதுகில் நீலக் கோடு, ஓரங்களில் கொத்துக் கொத்தாக முள். பார்க்க அழகாக இருப்பதால் குழந்தைகள் தொட்டுவிடுவார்கள். முள்ளுக்குள் நஞ்சு இருக்கிறது. பட்டவுடன் மின்சாரம் தாக்கியது போலச் சுரீரென்று வலிக்கும். அரிப்பு அப்புறம்தான் வரும். இலையின் அடியில் கையை நுழைத்துப் பறிக்கும் பழக்கம் இருந்தால் இதனிடம் மாட்டிக்கொள்வோம்.

நம் ஊர்ப் பூச்சிகள் பெரும்பாலும் வலியோடும் அரிப்போடும் விட்டுவிடுகின்றன. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரேசிலின் தென்பகுதியில் இருக்கும் லோனோமியா என்ற புழுக் கூட்டத்தின் மேல் கை பட்டால் ரத்தம் உறையும் தன்மையே கெட்டு, உடலுக்குள் ரத்தக்கசிவு ஏற்படும். அதற்கென்று சாவ் பாவ்லோ நகரிலுள்ள புட்டான்டான் நிறுவனம் தனியாக முறிமருந்து தயாரிக்கிறது. அந்தப் புழுக்களும் நம் முருங்கைப் புழுக்களைப் போல மரத்தண்டில் கூட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். மரத்தில் சாய்வதற்கு முன் தண்டைப் பார்ப்பது எந்த ஊருக்கும் பொருந்தும் பழக்கம்.

படி 2: வேலைக்கு முன் ஒரு சுற்று

முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது தலையில் துண்டு, ரப்பர் கையுறை, மூடிய செருப்பு. அண்ணாந்து பார்த்து வேலை செய்தால் கண்ணாடியும் வேண்டும். பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி போதும். பிறகு, கை வைக்கப் போகும் செடியை ஒரு குச்சியால் லேசாகத் தட்டிவிட்டு, இலையைப் புரட்டிப் பாருங்கள். தரையில் மிளகு போலக் கரும்பச்சை எச்சம் சிதறிக் கிடந்தால் நேர் மேலே புழு இருக்கிறது என்று பொருள்.

படி 3: பட்டுவிட்டால், முதல் ஒரு நிமிடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பூச்சி இன்னும் உடம்பில் இருந்தால் கையால் தட்டாதீர்கள், நசுக்காதீர்கள். ஒரு குச்சியையோ காகிதத்தையோ அடியில் கொடுத்துத் தூக்கி எறியுங்கள். சட்டைக்குள் புகுந்துவிட்டால் சட்டையை மெதுவாக, முகத்தில் உரசாதபடி கழற்றுங்கள். முடிந்தால் பொத்தான்களைத் திறந்து கழற்றுங்கள். தலை வழியாக உருவும் பனியனாக இருந்தால் கத்தரியால் வெட்டிவிடுவதே மேல்.

அடுத்தது செல்லோ டேப். பட்ட இடத்தில் ஒட்டி, லேசாக அழுத்தி, ஒரே இழுப்பில் உரியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய மயிர்கள் ஒட்டியிருப்பது தெரியும். ஒரு முறை ஒட்டிய துண்டை மறுபடி ஒட்டாமல், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு எடுங்கள். பத்து முறையாவது செய்யுங்கள். முதலில் டேப், அதன் பிறகே தண்ணீர். ஈரத் தோலில் டேப் ஒட்டாது.

பிறகு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துண்டால் துடைக்க வேண்டாம், தானாக உலரட்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். அரிப்புக்குக் காலமைன் லோஷன் தடவலாம். தடிப்பு நிறைய இருந்தால் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை உதவும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். போட்டிருந்த துணியை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக வெந்நீரில் அலசுங்கள்.

சாணி, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எதைத் தடவினாலும் தேய்க்கிறோம், தேய்த்தால் சுணை உள்ளே போகிறது. சாணியில் கிருமித் தொற்று அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

படி 4: கண்ணில் விழுந்தால்

இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது. கண்ணைக் கசக்கவே கூடாது. சில புழுக்களின் மயிரில் நுண்ணிய கொக்கி போன்ற முட்கள் உண்டு. ஒவ்வொரு கசக்கலிலும் அது இன்னும் ஆழமாக நகரும். சிகிச்சை இல்லாமல் விட்டால் கண்ணுக்குள்ளேயே புகுந்து பல வாரங்கள் கழித்தும் அழற்சியை உண்டாக்கும். சுத்தமான தண்ணீரால் கண்ணை அலசிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். நுண்ணோக்கி வழியாகப் பார்த்து ஒவ்வொரு மயிராக எடுப்பார்கள். எரிச்சல் குறைந்துவிட்டது என்று நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கைக்குழந்தை புழுவை வாயில் போட்டுக்கொண்டால், எச்சில் வழிந்தபடி விழுங்க முடியாமல் அழும். அப்போதும் நேராக மருத்துவமனைக்குத்தான்.

படி 5: மரத்திலிருந்து அகற்றுவது

பகலில் அவை ஒரே இடத்தில் கூடியிருப்பது நமக்குச் சாதகம். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, நீளமான கழியின் நுனியில் பழைய விளக்குமாற்றைக் கட்டி, திட்டை மெதுவாகச் சுரண்டி வாளிக்குள் விழவையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உதிரும் சுணை முகத்துக்கு வரும். பந்தம் கொளுத்திக் காட்டுவது பழைய முறை, அதில் பூச்சிகள் சாகத்தான் செய்கின்றன. ஆனால் வீட்டை ஒட்டிய மரத்துக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. முருங்கையின் மென்மையான பட்டை வெந்துபோகும், சுணையும் காற்றில் பறக்கும். இலையிலும் இளந்தண்டிலும் முட்டைக் குவியலைப் பார்த்தால் அந்தக் கிளையை அப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் விடச் சுலபம். இந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் மரத்தடியைக் கொத்திவிடுவதும் நல்லது.

படி 6: தேனீ, குளவி, கதண்டு

தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதோடு ஒட்டிய நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நகமோ அட்டையோ எது கிடைத்தாலும் அதனால் உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து பரவும் வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும். அங்கேயே நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடிப்போய்க் கதவு உள்ள அறைக்குள் நுழையுங்கள். குளத்தில் குதிக்காதீர்கள். தலையைத் தூக்கும்போது காத்திருந்து கொட்டும். பாறை முகட்டிலும் மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் கூடு கட்டும் மலைத்தேனீ விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

குளவியும், பெரிய குளவி வகையான கதண்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்களைக் கதண்டு கொட்டியது என்ற செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. பனையிலோ தென்னையிலோ அதன் கூட்டைப் பார்த்தால் நீங்களே தீ வைக்கப் போகாதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், எண் 101.

உதடு, நாக்கு வீங்குவது, மூச்சிரைப்பு, உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல், வாந்தி ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அது கடுமையான ஒவ்வாமை. ஒரே ஒரு கொட்டு போதும். அதைத் திருப்பும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான், அலர்ஜி மாத்திரை அல்ல. உடனே 108. வரும் வரை படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள்.

படி 7: தேளும் பூரானும்

கல்லைப் புரட்டினால் வெளிவரும் பெரிய கருந்தேளைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுகிறார்கள். அஞ்ச வேண்டியது அளவில் சிறிய செந்தேள். முன்பக்க இடுக்கிகள் மெலிந்திருக்கும். கொட்டிய இடத்தில் வலி மட்டும் இருந்தால் பரவாயில்லை. உடம்பு குப்பென்று வியர்த்து, கைகால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால் நஞ்சு இதயத்தைப் பாதிக்கத் தொடங்கிவிட்டது. குழந்தைகளுக்கு இது வேகமாக முற்றும், நுரையீரலில் நீர் கோக்கும். எனவே குழந்தையைக் கொட்டியது எந்தத் தேளாக இருந்தாலும் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள்.

இதற்கு மருந்து உண்டு. மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் பணியாற்றும் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை செந்தேள் நஞ்சின் விளைவைத் தடுக்கிறது என்று கண்டு, 1986இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். மகாட் இருக்கும் கொங்கண் பகுதியின் கிராமங்களில் தேள்கடி இறப்புகள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மாத்திரை வேலை செய்ய, ஆள் நேரத்தோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எல்லாம் அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

இரவில் தேளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். விறகுக் குவியலைத் தொடும் முன் ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

பூரான் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாங்கும் சூட்டிலான வெந்நீரில் கடிபட்ட இடத்தை முக்கி வையுங்கள், வலி குறையும்.

படி 8: கொட்டாதவற்றையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

பயத்தில் எல்லாப் புழுவையும் நசுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கறிவேப்பிலையில் முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு வழவழப்பான பச்சையாகவும் இருப்பது பட்டாம்பூச்சியின் புழு. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி வாடை விடும், அவ்வளவுதான். எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு இருப்பதும் பட்டாம்பூச்சியாகப் போகிற புழுவே, கொட்டாது. அன்று தோள் வரை வீங்கிப்போன என் மகள், முருங்கைப் பக்கம் கண்ணாடி போடாமல் போவதில்லை. ஆனால் கறிவேப்பிலைத் தொட்டியில் இப்போது ஏழு புழுக்கள் இருக்கின்றன. தாளிக்க இலை பறிக்கும் முன் நான் அவளிடம் எந்தக் கிளை என்று கேட்டாக வேண்டும்.