சென்னையிலிருந்து புல்ஸ்னிட்ஸ்: சீகன்பால்கு பிறந்த ஊரைப் பார்த்துவர ஒரு வழிகாட்டி

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, 1682இல் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கிறது. சிற்றூர்தான். டிரெஸ்டனில் அறை எடுத்துக்கொண்டு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். தமிழ் அச்சில் அக்கறை உள்ளவர்கள் தவறவிடக் கூடாத ஊர்.

ஜெர்மனி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பிப்ரவரியிலேயே நேர்காணல் தேதி பிடித்துவிடுங்கள்.

போக ஏற்ற நாள் சனிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. திங்களன்று பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. சனிக்கிழமையும் சிற்றூர்க் கடைகள் மதியத்தோடு மூடிவிடும் என்பதால் பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். டிரெஸ்டன் ரயில் நிலையத்தில் காமென்ட்ஸ் என்று பலகை போட்ட வண்டியில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ராடபெர்க்குக்குப் பிறகு பாதை பிரிகிறது. கெர்லிட்ஸ் போகும் வண்டியில் ஏறிவிட்டால் வேறு திசைக்குப் போய்விடுவீர்கள், ராடபெர்க்கில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து ஊர்ச் சதுக்கத்துக்கு நடந்தே போகலாம். அங்கே நிற்பது ரீட்ஷெல் சிலை. வைமார் நகரில் உள்ள ஜெர்மன் கவிஞர்கள் கதே-ஷில்லர் சிலையை வடித்த அந்தச் சிற்பியும் 1804இல் இங்கே பிறந்தவர். அடுத்து புனித நிக்கோலாய் தேவாலயம். ஆராதனை இல்லாத நேரத்தில் பூட்டியிருக்கக்கூடும். சபை அலுவலகத்துக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, தமிழ்நாட்டிலிருந்து சீகன்பால்குவுக்காக வருவதாகச் சொல்லிவையுங்கள்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஃபெஃபர்கூகன் என்ற மசாலா கேக். 1558இல் இங்குள்ள ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை கிடைத்தது. மாவையும் தேனையும் அல்லது சர்க்கரைப் பாகையும் பிசைந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் போன்றவை சுடும் முன்தான் சேர்கின்றன. உப்பவைப்பது ஈஸ்ட் அல்ல, அம்மோனியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும். பழைய முறையில் முட்டை, கொழுப்பு கிடையாது. ஆனாலும் சைவர்கள் ஒவ்வொரு வகைக்கும் கேட்டே வாங்குங்கள். ஊருக்கு வாங்கி வர சாக்லேட் பூசாத வகையே நல்லது. பூசியது மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேர்வதற்குள் இளகிவிடும். காற்றுப் புகாத தகர டப்பாவில் வைக்காவிட்டால் சென்னை ஈரத்தில் நமுத்துப்போகும். நவம்பர் முதல் வார இறுதியில் இதற்கென்றே சந்தை கூடும். அன்று கூட்டம் அதிகம், தேவாலயத்தை நிதானமாகப் பார்க்க முடியாது.

தமிழ்க் கையெழுத்துப் படிகளும் ஓலைச்சுவடிகளும் புல்ஸ்னிட்ஸில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவை, சீகன்பால்குவின் பணிக்குத் துணைநின்ற ஹாலே நகரின் பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் தமிழ் எழுத்துகளை வார்த்து தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் ஹாலேதான். அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் வழியாக ஹாலே போக இன்னொரு நாள் ஒதுக்குங்கள். எந்தச் சுவடியைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது அவசியம்.