காந்தம் வைத்து துளையிடம் தேடும்போது எங்கே சறுக்குகிறது?

பாம்பன், மண்டபம் பக்கம் ஃபைபர் வள்ளம் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி பழகியதுதான். உள்ளே பிராக்கெட்டில் துளை இருக்கும், அதற்கு நேராக வெளியிலிருந்து டிரில் போட வேண்டும், வெளியே நின்று பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது. டேப் வைத்து அளந்தால் வள்ளத்தின் வளைவு ஏமாற்றிவிடும். அதனால் உள்ளே ஒரு காந்தத்தை ஒட்டி, வெளியே இன்னொன்றை நகர்த்தி, அது இழுத்து நிற்கிற இடத்தில் குறி போடுகிறோம். விமானம் கட்டும் வேலையிலும் இந்த உத்தி உண்டு, அங்கே வெளிக் காந்தத்துக்குப் பதில் சென்சார் வைப்பார்கள்.

நல்ல வழிதான், ஆனால் காந்தம் இழுப்பு அதிகமுள்ள இடத்தில் போய் நிற்குமே தவிர துளை எங்கே என்று அதற்குத் தெரியாது.

பெரும்பாலும் கோளாறு காந்தத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஆரம்பிக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் கழற்றிய காந்தம் பலமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் ஒரே முகத்தில் வடதுருவமும் தென்துருவமும் அடுத்தடுத்து இருப்பதால் வெளிக் காந்தம் நடுவில் நிற்காமல் ஒரு பாதிக்கு ஓடிவிடும். ஸ்பீக்கர் காந்தம் வளையம். சுவர் மெல்லிசாக இருந்தால் வளையத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் உட்காரும். பத்து மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமான நியோடிமியம் வில்லை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. உள்ளே வைப்பதை டபுள் டேப் போட்டு, துளையின் நடுவுக்குச் சரியாக ஒட்டுங்கள். யாராவது கையால் பிடித்துக்கொண்டு நின்றால் சரிப்படாது. வெளியே காந்தத்துக்குப் பதில் பேரிங் குண்டை ஓட்டுவதும் வேண்டாம், மெல்லிய சுவரில் அது வில்லையின் ஓரத்துக்குப் போய்விடும்.

அடுத்தது அவசரம். காந்தம் முதலில் நின்ற இடத்தை அப்படியே நம்பக்கூடாது, உராய்வு அதைக் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துவிடும். வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி, இடமிருந்து தள்ளி ஒரு கோடு, வலமிருந்து ஒரு கோடு, மேலிருந்தும் கீழிருந்தும் அதேபோல, பிறகு நான்குக்கும் நடுவில் புள்ளி.

ஃபைபர், மரம், அலுமினியம் எதுவும் காந்தத்தைத் தடுக்காது, பக்கத்தில் இருக்கும் இரும்புதான் கெடுக்கும். உள்காந்தத்தை ஒட்டுவதற்கு முன்பே வெளிக் காந்தத்தை அந்த இடம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்காவது இழுத்தால் உள்ளே இஞ்சின் போல்ட்டோ ஜிஐ பைப்போ இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தில் இந்த முறை வேண்டாம்.

குறி சரியாக விழுந்தும் துளை விலகுகிறதா? உள்ளே இருக்கிற பிராக்கெட்டும் வெளிச்சுவரும் இணையாக இல்லாமல் இருக்கும். எடுத்தவுடன் பெரிய பிட்டைப் போடாமல் மூன்று மில்லிமீட்டரில் போட்டு, கம்பியை விட்டுப் பார்த்த பிறகு பெரிதாக்குங்கள். ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டில் பஞ்ச் வைத்து அடித்தால் விரிசல் விடும். டேப்பின் மேலேயே, முதல் சில சுற்று பிட்டைத் தலைகீழாகச் சுற்றவிட்டால் ஓரம் சிதறாது.

டிரில்லை எடுக்கும் முன் உள்காந்தத்தைக் கழற்றிவிடுங்கள், நியோடிமியம் பிட் பட்டால் சில்லுசில்லாக உடையும். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலம் இழக்கும், ஹீட் கன் பக்கத்தில் வைக்காதீர்கள். நிக்கல் பூச்சு உரிந்தால் நம்ம உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

முக்கியமாக, வேலை முடிந்ததும் காந்தங்களை எண்ணிப் பாருங்கள். காம்பஸ் பக்கத்தில் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தால் முள் திசை மாறிக் காட்டும், கடல் எல்லை இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற பாக் நீரிணையில் ராத்திரி அதை நம்பிப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.