சணல் கயிற்றில் ஒரு வைக்கோல் படப்பு: 1:35 டயோராமாவுக்குச் செய்முறை

பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்த கையோடு திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் போனால் தொழுவத்தை ஒட்டிப் புதுப் படப்பு நிற்கும். வேறு ஊர்க்காரர்கள் வைக்கோல் போர் என்பார்கள், எங்களுக்குப் படப்பு. மாட்டுவண்டி, தொழுவம், ஓட்டு வீடு என்று நம்மூர் டயோராமா (ஒரு காட்சியை அப்படியே சின்னதாக்கிச் செய்யும் மாதிரி) செய்கிறவர்கள் கடைசியில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

நானும் முட்டிக்கொண்டேன். அசல் வைக்கோலையே பொடியாக நறுக்கி ஒட்டினால் அசலாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். ஒட்டி முடித்ததும் வீட்டுக்கு வந்த மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, மூங்கில் கடையா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. வைக்கோல் தாள் சுமார் 3 மி.மீ. தடிமன். 1:35 அளவில், அதாவது அசலில் 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிய காட்சியில், அதை அப்படியே வைத்தால், பக்கத்தில் நிற்கும் குட்டி மனிதனுக்கு அது 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கழி.

அதனால் முதலில் கணக்கு. எதையும் 35-ஆல் வகுக்க வேண்டும். 70 முதல் 90 செ.மீ. நீளமுள்ள வைக்கோல் 20 முதல் 25 மி.மீ. ஆகிவிடும். தடிமன் 0.1 மி.மீ.க்கும் கீழே, அதாவது தலைமுடி அளவு. தென்னை நார் இதற்குச் சரிவராது, நன்றாகவே முரடு. சணல் நார்தான் பொருந்தும். 1:72-இல் செய்கிறவர்கள் நீளத்தை 10 முதல் 12 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாம்.

டவுனில் மூட்டை கட்ட விற்கிறார்களே, சாயம் போடாத சணல் கயிறு, அதில் ஒரு சின்ன உருண்டை போதும். ஒரு முழ நீளத் துண்டுகளாக வெட்டி, முறுக்கைப் பிரித்து, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். பிறகு ஒரு முனையைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மறுமுனையில் ஏதாவது கனமாகக் கட்டி உலரவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நார் சுருண்டு சுருண்டு நிற்கும், வைக்கோல் மாதிரி இருக்காது. உலர்ந்ததும் பேன்சீப்பால் வாருங்கள். ஆமாம், பேன்சீப்புதான். இந்த வேலைக்கென்று இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. சீப்பில் சிக்கும் கழிவைத் தூரப் போடாதீர்கள், பின்னால் வேண்டும்.

நிறத்தில் நான் இன்னொரு முறை ஏமாந்தேன். புது வைக்கோலின் மஞ்சளுக்கு மஞ்சள்பொடித் தண்ணீரில் நனைத்தேன். அழகாகத்தான் வந்தது. ஜன்னலோரம் வைத்திருந்ததில் சில வாரங்களிலேயே வெளுத்துவிட்டது. மஞ்சள் சாயம் வெயிலுக்குத் தாங்காது. அக்ரிலிக் வண்ணத்தில் காவி மஞ்சளும் கொஞ்சம் வெள்ளையும் கலந்து, பால்போல நீர்க்க வைத்து, நாரை அதில் முக்கிப் பிழிந்து காயவையுங்கள். பாதி நாரை இப்படிச் செய்தால் போதும். மீதிப் பாதிக்கு, கெட்டியான கடுந்தேநீரில் துளி கறுப்பு வண்ணம். இது மழை நனைந்து வெயில் காய்ந்த பழைய வைக்கோலின் நிறம். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு 20, 25 மி.மீ. என்று கலந்து வெட்டுங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் துடைப்பம்தான்.

அடுத்து உடம்பு. 15 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரமுள்ள படப்பு என்றால் நமக்கு 130 மி.மீ., 70 மி.மீ., 87 மி.மீ. இந்த அளவுக்குத் தெர்மாகோலை அறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் செங்கல் மாதிரி அறுத்துவிட்டேன். ஆச்சி கையில் வாங்கிப் பார்த்து, "ஏலே, உச்சி தட்டையா இருந்தா மழத்தண்ணி உள்ள எறங்கிரும்லா" என்றாள். உச்சி ஆமை முதுகாக வளைந்து, பக்கம் கொஞ்சம் உப்பி, அடி சற்றே ஒடுங்கி இருக்கட்டும். அப்புறம் முக்கியமான வேலை: ஒரு பக்கத்தில், குட்டி மனிதனின் இடுப்புக்கும் தலைக்கும் நடுவில், தெர்மாகோலைக் குடைந்து ஒரு குழி எடுங்கள். தினமும் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்குகிற இடம் அது. மேலே இருந்து யாரும் எடுப்பதில்லை, ஒரே பக்கத்தில் பிடுங்கிப் பிடுங்கிக் குகை விழுந்துவிடும். இந்தக் குழி இல்லாத படப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கண்காட்சிச் சாமான்தான்.

தெர்மாகோலுக்கு முழுதும் பழுப்பு அக்ரிலிக் அடியுங்கள், இல்லாவிட்டால் இடுக்கில் வெள்ளை எட்டிப்பார்க்கும். ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், ரப்பர் பசையும் வேண்டாம். இரண்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

ஒட்டுவது கூரை வேய்கிற மாதிரி, கீழிருந்து மேலே. அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஃபெவிகாலைத் தடவி, ஒரு சிட்டிகை நாரை எடுத்து, நுனி கீழ்நோக்கித் தொங்கும்படி அழுத்துங்கள். அடுத்த வரிசை முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். சீராக அடுக்க மெனக்கெட வேண்டாம், நாலில் ஒன்று குறுக்கே கிடந்தால்தான் நல்லது. வெளிப்பக்கத்துக்கும் உச்சிக்கும் பழைய நிற நார். குழிக்குள் மட்டும் மஞ்சள் நார், அதுவும் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். படப்பு வெளியே எவ்வளவு கறுத்தாலும் பிடுங்கிய இடத்தில் உள்ளே புதுசாகவே மின்னும். பார்க்கிறவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

காய்ந்ததும், ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துக் கலக்கி, மருந்து சொட்டும் டிராப்பரால் மேலே விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை நாருக்குள் இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பளபளப்பு தெரிந்தால் மேட் வார்னிஷைத் தூரிகையால் லேசாகத் தடவினால் அடங்கிவிடும்.

கடைசியில் படப்பைக் கவிழ்த்து ஒரு தாளின் மேல் தட்டுங்கள். உதிர்ந்ததையும், எடுத்துவைத்த சீப்புக் கழிவை 3 மி.மீ. பொடியாக வெட்டியதையும் சேர்த்து, குழிக்கு நேர் கீழே தரையில் தூவுங்கள். அங்கிருந்து தொழுவம் வரைக்கும் ஒரு மெல்லிய தடமாகக் கொண்டுபோங்கள், கைநிறைய அள்ளிக்கொண்டு போகிறவர் வழியெல்லாம் சிந்திக்கொண்டுதானே போவார். கோழி பொம்மை இருந்தால் அந்தக் குப்பைக்கு நடுவில் ஒன்றை நிறுத்தி, அது கிளறிய இடத்தில் மட்டும் மண் தெரியும்படி விடுங்கள்.