தெர்மகோல் வெட்டும்போது வந்த புகை: என் அனுபவம்

ஒருவழியாகப் புகை நின்றது. உருவம் செதுக்க, தெர்மகோலைச் மின்சாரத்தால் சூடாகும் நிக்ரோம் கம்பியால் வெட்டும்போதெல்லாம் புகை, கண் எரிச்சல், தலைவலி. துணி முகக்கவசம் போட்டுப் பார்த்தேன். அது தூசியைக் கொஞ்சம் தடுக்கும், தெர்மகோல் சூட்டில் சிதைந்து வரும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. மின்விசிறியை எதிரே வைத்தால் ஆவி அறைக்குள்ளேயே சுற்றியது, போதாக்குறைக்குக் கம்பியும் ஆறிப்போனது.

விளக்கை அணைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கம்பி மங்கலாகச் சிவந்திருந்தது. சிவப்பு தெரிந்தாலே சூடு 500 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். தெர்மகோலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இளக 100 டிகிரி சுமாரே போதும். மின்னழுத்தத்தைக் குறைத்து, சிவப்பு மறைந்த பிறகும் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். வெட்டு மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் புகை இல்லை. கம்பிக்குப் பின்னால் மெல்லிய இழை வந்தால் சூடு சரி. பள்ளம் அகலமாக விரிந்தால் அதிகம்.

அப்புறமும் ஒரு துண்டு மட்டும் காரமான நெடியோடு கருகியது. உடைத்துப் பார்த்தேன். தெர்மகோல் மணி மணியாக உதிரும். இது மஞ்சள் மாவாக நொறுங்கியது. பாலியூரித்தேன் என்கிற வேறு வகை நுரை பிளாஸ்டிக்! சூட்டில் அது கருகி, ஐசோசயனேட், ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சுகளை வெளிவிடக்கூடியது. அதற்கு இப்போது ரம்பம்தான், தூசிக் கவசத்தோடு. தெர்மகோலுக்கு ஜன்னல் ஓரம், விசிறி வெளியே பார்த்தபடி.