முதல் கூடூ வேட்டை: வில்லா, ரைஃபிளா?

மே மாதம் பிறந்தால் போதும், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டுப் பையன்களில் யாராவது ஒருத்தன் கேட்டுவிடுவான்: "மாமா, முதல் கூடூவுக்கு வில் வாங்கட்டுமா, ரைஃபிள் எடுக்கட்டுமா?" கூடூ சுருள் கொம்புள்ள பெரிய மான். அதற்கு ரைஃபிள்தான். வில்லை வேறொரு விலங்கில் தொடங்கலாம்.

வில்லுக்கு லைசென்ஸ் தொல்லை இல்லையே என்பார்கள். வாஸ்தவம், 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வில் துப்பாக்கிக் கணக்கில் வராது. சொந்த ரைஃபிள் என்றால் தகுதிச் சான்றிதழ், லைசென்ஸ், இரும்புப் பெட்டி என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் பாருங்கள்: லைசென்ஸ்காரர் கூடவே நின்று மேற்பார்த்தால், பாதுகாப்பான இடத்தில் அவருடைய துப்பாக்கியால் நீங்கள் சுடலாம். வேட்டைப் பண்ணைக்காரரின் .308 ரைஃபிள் தாராளமாகப் போதும். நாள் வாடகை எவ்வளவு என்று புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.

வில்லுக்கும் விதி உண்டு. மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பண்ணையில் வில் வேட்டைக்கு அனுமதி இருக்கிறதா, நாணை இழுக்கும் விசை எத்தனை பவுண்டு இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நல்ல காம்பவுண்டு வில்லிலிருந்து (கப்பி வைத்த நவீன வில்) அம்பு நொடிக்குச் சுமார் 85 மீட்டர் போகும். நாண் அதிரும் சத்தமோ 340 மீட்டர். 25 மீட்டரில் நிற்கும் மானுக்கு அம்புக்கு முன்பே சத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. கூடூவின் காதுகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பலாச இலை அகலம். அந்த இடைவெளியில் அது உடம்பைத் தாழ்த்தித் திரும்பினால், நுரையீரலுக்குப் போன அம்பு முதுகில் ஏறும். ரைஃபிள் குண்டு ஒலியையே முந்திப் போகிறது. தவறினாலும் உடனே போல்ட்டை இழுத்து இன்னொன்று போடலாம். வில்லில் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

காயத்தோடு ஓடிய விலங்குக்கும் முழு விலை வாங்குவதுதான் இங்கே வழக்கம். வளர்ந்த ஆண் கூடூ 200 கிலோவைத் தாண்டும், விலையும் அதற்கேற்ப. பணத்தை விடுங்கள், முள்காட்டில் அது எங்கோ கிடந்து சாவது பெரிய பாவம்.

அமெரிக்காவின் எல்க் மான் வேட்டை வீடியோ பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று. அதில் தோளுக்குப் பின்னால் தள்ளிக் குறிவைப்பார்கள். நம்ம ஊர் மான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்கு நேர்மேலே, நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். வில்லோ ரைஃபிளோ, இடம் அதுதான்.

பயிற்சி மேசையில் சாய்ந்து சுடுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. காட்டில் ரைஃபிளைத் தாங்கும் மூன்றுகால் குச்சியில் வைத்துத்தான் சுடுவீர்கள். நூறு மீட்டரில், குச்சியில் வைத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஐந்து குண்டும் விழட்டும். பழைய சாக்ஸில் அடுப்புச் சாம்பல் கட்டி இடுப்பில் தொங்கவிடுங்கள். தட்டினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரியும். (ஒருத்தன் திருநீற்றுப் பையோடு வந்தான். வேலை செய்தது, ஆனால் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை.)

ஜூன், ஜூலையில் போங்கள். புல் காய்ந்திருக்கும், தெளிவாகத் தெரியும். புரட்டாசி விரதத்துக்கு முன்னால் பில்டாங்கும் (காயவைத்த உப்புக்கண்டம்) தீர்ந்துவிடும்.

வில் ஆசை தீராதவர்கள் அடுத்த வருஷம் தண்ணீர்க் குழியருகே மறைவிடத்தில் உட்கார்ந்து வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கலாம். இம்பாலா மான் வேண்டாம், நாண் சத்தத்துக்குக் குதிப்பதில் அதற்கு ஈடில்லை. தூரம் இருபது மீட்டருக்குள். அம்பு பட்டதும் எழுந்து ஓடாதீர்கள். அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டு, பண்ணையின் தடம்பார்ப்பவரை முன்னால் விட்டு ரத்தத்தைத் தொடருங்கள்.