பங்காளிகளுக்கு வீட்டுப் பத்திரம் அனுப்ப ஆனியன்ஷேர்: புதியவர்களுக்கான செய்முறை

ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் காரைக்குடியில் சிலர், சென்னையில் சிலர், பினாங்கில் சிலர் என்று இருப்பது செட்டிநாட்டில் சகஜம். பாகப் பத்திரமோ பழைய பேரேடோ ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டால், ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. ஆனியன்ஷேரில் உங்கள் கம்ப்யூட்டரே சர்வர். பல கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றிப் போய், யார் எங்கிருந்து அனுப்புகிறார் என்பதை மறைக்கும் டோர் வலை வழியாக, எந்தக் கம்பெனி சர்வரிலும் தங்காமல் கோப்பு பெறுபவரிடம் போகும். மைக்கா லீ 2014-ல் உருவாக்கிய இலவச மென்பொருள் இது.

முதலில் கோப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. டோர் மறைப்பது பாதையை மட்டும்தான், கோப்புக்குள் இருப்பதை அல்ல. பூட்டிக் கிடக்கும் வீட்டின் தேக்குக் கதவு, பித்தளை அண்டா என்று சாமான்களைப் போனில் படம் எடுத்திருப்பீர்கள். வீடு இருக்கும் இடமும் அந்தப் படத்துக்குள் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போனால் அடியில் அதை நீக்கும் வசதி இருக்கிறது.

அப்புறம் ஆனியன்ஷேர் டாட் ஆர்க் தளத்தில் இறக்கி நிறுவுங்கள். திறந்ததும் 'கனெக்ட் டு டோர்', பிறகு 'ஷேர் ஃபைல்ஸ்'. கோப்புகளை இழுத்துப் போட்டு 'ஸ்டார்ட் ஷேரிங்' அழுத்தினால் நீளமான ஆனியன் முகவரி ஒன்றும் பிரைவேட் கீ (சாவி) ஒன்றும் வரும்.

இரண்டையும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். முகவரி மெயிலில் போகட்டும், சாவி சிக்னல் செயலியில் போகட்டும். பினாங்கு அண்ணனுக்கு டோர் பிரவுசர் மட்டும் போதும்: முகவரியைத் திறந்து, கேட்கும்போது சாவியை ஒட்டினால் சரி.

அவர் இறக்கி முடிக்கும்வரை உங்கள் கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. ஸ்லீப் போனால் முகவரியும் செத்துவிடும். வேகமும் குறைவுதான், பொறுமை வேண்டும். ஒருவர் இறக்கியதும் பகிர்வு தானாக நின்றுவிடும். பங்காளிகள் பலர் என்றால், தொடங்கும் முன்பே 'ஸ்டாப் ஷேரிங்' என்று தொடங்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

பலர் தங்கள் கம்ப்யூட்டர்களிலிருந்து துண்டு துண்டாகக் கோப்பைப் பகிரும் டாரெண்டை டோர் வழியாக ஓட்டலாமா என்றால், வேண்டாம். உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்), யார் யார் பகிர்கிறார்கள் என்று பட்டியல் வைக்கும் டிராக்கர் சர்வருக்குக் கசிய வாய்ப்புண்டு, வலைக்கும் வீண் சுமை. டோர் திட்டத்தினரே கூடாது என்கிறார்கள். அதற்கு டோர் போலவே அடையாளம் மறைக்கும் ஐ2பி வலையும் அதனுடன் வரும் டாரெண்ட் மென்பொருளான ஐ2பிஸ்நார்க்கும் இருக்கின்றன.