பழைய பிசிக்கு கிராபிக்ஸ் கார்டா? மொதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ பாருங்க

சென்னைல கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி கேபினெட்ட தொறந்து எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) எத்தன வாட்ஸ், அதுல கார்டுக்கு தனியா கரண்ட் குடுக்குற 6 பின் ஒயர் இருக்கானு பாத்துடுங்க. அது இல்லனா மதர்போர்டுல கார்ட சொருகுற ஸ்லாட்ல வர்ற 75 வாட்ஸ்லயே ஓடுற கார்டுதான் நமக்கு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இல்லனா 1650, ஆனா அதுலயே சில மாடல் 6 பின் கேக்கும், பாத்து வாங்கணும். ஆர்எக்ஸ் 6400 நல்லாருக்கேனு தாவாதீங்க, அது டேட்டா போக 4 லேன் (பாதை) மட்டும் இருக்குற கார்டு, ஸ்லாட் பழைய தலைமுறை பிசிஐஇ 3யா இருக்குற போர்டுல போட்டா ஸ்பீடு அடிவாங்கும்.

ஆபீஸ்ல கழிச்ச ஒல்லி டெஸ்க்டாப்னா லோ ப்ரொஃபைல், அதாவது உயரம் கம்மியான கார்டு மட்டும்தான் உள்ள போவும். நான் அளக்காம வாங்கிட்டு ரெண்டு நாள் கேபினெட் மூடாமலே ஓட்டுனேன், பல்லி வந்து ஃபேன் பக்கத்துல உக்காந்துச்சு.

செகண்ட் ஹேண்டுனா கடையிலயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்ட சொல்லுங்க, மூஞ்ச சுளிச்சா அடுத்த கடைக்கு நடைய கட்டுங்க.